கேட்காமல் வைத்திருந்த 22 நொடிகள்

அக்கா இறந்து 19 மாதங்கள் ஆன பிறகும், அவள் கடைசியாக அனுப்பிய குரல் பதிவை நான் கேட்கவில்லை. அன்று அவள் அழைத்தபோது வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை. அதன் பிறகு வந்த 22 நொடிப் பதிவு அது. அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பழைய போனைச் சார்ஜ் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன், ஆனால் இழுப்பறையைத் திறக்கவே பயந்தேன்.

இவ்வளவு காலம் துக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கிப்போடுவதை, நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவர்கள் தனியே வகைப்படுத்துகிறார்கள். 2022-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் திருத்தப்பட்ட கையேடு, பெரியவர்களுக்கு இழப்புக்குப் பின் குறைந்தது 12 மாதங்கள் கடந்திருக்க வேண்டும் என்கிறது. எனக்கு அந்தப் பெயர் ஆறுதலாகவே இருந்தது.

நான் போய்ப் பார்த்த உளவியல் ஆலோசகர் என்னிடம் கையாண்டது ஏற்பு மற்றும் உறுதிப்பாட்டுச் சிகிச்சை; வேதனையான எண்ணங்களையும் உணர்வுகளையும் விரட்டாமல் ஏற்றுக்கொண்டு, நமக்கு முக்கியமானதைச் செய்யப் பழக்குவது. ஸ்டீவன் ஹேஸ் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-களிலிருந்து வளர்த்தெடுத்த முறை அது. துக்கத்தைக் குறைக்க வழி சொல்வார் என்று எதிர்பார்த்துப் போன என்னிடம், "அது வராமல் இருக்க இதுவரை என்னென்ன செய்தீர்கள்? அதற்காக எதையெல்லாம் விட்டீர்கள்?" என்று கேட்டார். புகைப்படங்களை எடுத்து வைத்தது, இரவு வெகுநேரம் வேலை பார்த்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அக்கா மகளைப் பார்க்கப் போவதை நிறுத்தியதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவளுக்கு அக்காவின் முகச்சாயல்.

'நான் போனை எடுத்திருக்க வேண்டும்' என்ற எண்ணம் எழும்போது, 'நான் போனை எடுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இப்போது வருகிறது' என்று நிதானமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது முதல் பயிற்சி. வெறும் வார்த்தை விளையாட்டு என்று கோபப்பட்டேன். ஆனால் மூன்று வாரம் விடாமல் சொன்னபோது, எண்ணம் அப்படியே இருக்க, அதற்கும் எனக்கும் நடுவே மூச்சு விடும் அளவுக்கு இடம் கிடைத்தது. நெஞ்சை அடைக்கும் அந்தக் கனத்தை விரட்டாமல், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவனித்தபடி உட்கார்ந்திருக்கும் பயிற்சிதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. இருமுறை பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

பின்னர், உங்களுக்கு முக்கியமானது எது என்று கேட்டார். அக்கா மகளுக்கு நல்ல சித்தியாக இருப்பது என்றேன். துக்கம் தீர்ந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காமல், அதையும் கூட்டிக்கொண்டே போகலாமே என்றார். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் என்று முடிவு செய்தோம். முதல் ஞாயிறு அவளுடைய வீட்டு வாசலில் கை நடுங்கியது. நடுங்கிய கையாலேயே அழைப்பு மணியை அழுத்தினேன்.

நான்காம் மாதம் அந்தப் போனை எடுத்துச் சென்று, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பதிவைக் கேட்டோம். மழை வரும்போல் இருக்கிறது, குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் அழுதுகொண்டிருந்தபோது, இன்னொரு முறை போடச் சொன்னாள் அவள் மகள்.