துகள் உறைபனிக்குப் பிறகு வெளி டெப்களைச் சோதித்தல்

நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி படியும். மார்ச்சில் வெளி டெப் ஒழுகினால் எல்லோரும் பனியைத்தான் திட்டுவார்கள். பாதி நேரம் பனிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. எது பனியின் வேலை என்று பிரித்துப் பார்க்காமல் டெப்பை மாற்றினால் காசுதான் நட்டம்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில், காற்று 3, 4 பாகையில் இருக்கும்போதே நிலத்தோடு ஒட்டிய இடம் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். கூரைத் தாழ்வாரத்துக்குள் இருக்கும் டெப்புக்கு ஆபத்துக் குறைவு. திறந்த மரக்கறிப் பாத்தியிலும் பள்ளத்திலும் முழங்கால் உயரத்தில் நிற்பதுதான் முதலில் அடி வாங்கும். முதலில் அவற்றைப் பாருங்கள். ஓர் அடி ஆழத்தில் புதைத்த குழாயை இங்குள்ள பனி தொடாது.

விடியற்காலையில் பார்த்து ஏமாற வேண்டாம். உறைந்த தண்ணீர் கிட்டத்தட்ட 9 வீதம் பருமனில் கூடும். வெடிப்பு அப்போதே விழுந்திருந்தாலும் பனிக்கட்டியே அதை அடைத்துக்கொண்டிருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் ஒழுகும். உறைந்து நிற்கும் டெப்பில் கொதிநீர் ஊற்றக்கூடாது. டெப்பைத் திறந்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றினால் போதும்.

டெப்பை மூடித் துடைத்துவிட்டுப் பாருங்கள். வாயில் சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது பனியின் வேலையல்ல. கைபிடித் தண்டைச் சுற்றிக் கசிந்தால் உள்ளே தண்டைச் சுற்றி நீரை அடைக்கும் பெக்கிங் போயிருக்கிறது. தண்டைச் சுற்றியுள்ள நட்டை ஒரு கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், பல நேரம் நின்றுவிடும். உடம்பில் நீளவாக்கில் மயிரிழை போல வெடிப்பு இருந்தால்தான் பனி. கைபிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே திறக்கும் கால் சுற்று டெப்பில் இது அதிகம்: மூடினால் உள்ளே இருக்கும் உருண்டையில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், உறைந்ததும் உடம்பைப் பிளக்கும். ஒட்டுப் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

மூட்டு கழன்றிருந்தால் குழாயின் நீளத்தைக் கவனியுங்கள். பிவிசி குழாய் 10 மீற்றர் ஓடினால், 20 பாகை வித்தியாசத்துக்கு ஒன்றரை சென்றிமீற்றர் வரை நீண்டு சுருங்கும். இரவுக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் இடையில் இது தினமும் நடக்கிறது. இறுக்கிக் கட்டிய குழாய் எல்போ என்ற வளைவு மூட்டிலிருந்து கழன்றுவிடும். கம்பியால் இறுக்காமல் கிளிப்பைத் தளர்வாகப் போடுங்கள்.

டெப்பைத் திறந்து வாயைப் பெருவிரலால் அடைத்துப் பார்க்கும் சோதனை நம் மலைக்குச் சரிவராது. தண்ணீரை விரலால் தடுக்க முடிந்தால் உள்ளே கசிவு என்பார்கள். ஆனால் பத்து மீற்றர் உயரத் தொட்டி கொடுக்கும் அழுத்தம் ஒரு பார்தான். நல்ல குழாயிலும் விரல் தாங்கும். நகரத்தில் மீற்றர் இருந்தால் எல்லா டெப்பையும் மூடி, அதன் சிறு சக்கரம் 15 நிமிடம் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். லயத்துப் பக்கம் அதேபோல டெப்களை மூடி, பொதுத் தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியை அடைத்து, மட்டத்தில் கோடு போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். இறங்கினால் நிலத்துக்கடியில் தேட வேண்டும். பீலியிலிருந்து (மலை ஊற்று நீர் விழும் இடம்) நேராக வரும் குழாய்க்கு இது பொருந்தாது, நடந்து பார்ப்பதுதான் வழி.

வெடித்த குழாயை வெட்டும்போது, கண்ணுக்குத் தெரியும் வெடிப்பு முடியும் இடத்திலிருந்து இன்னும் 5 சென்றிமீற்றர் தள்ளி வெட்டுங்கள். வெடிப்பு அதற்கும் அப்பால் ஓடியிருக்கும். குளிரில் பிவிசி நொறுங்கும், ஆகவே நுண்பல் வாளால் மெதுவாக அறுக்க வேண்டும். ஈரம் துடைத்து, உரசி, கம் பூசி ஒட்டிய பின் இரவு முழுக்கத் தண்ணீர் விடாதீர்கள். குளிரில் கம் மெதுவாகத்தான் இறுகும்.

புது டெப்பின் மரையில் த்ரெட் சீல் நாடாவை மரை ஏறும் திசையில் ஆறேழு சுற்று சுற்றுங்கள். கையால் இறுக்கிய பிறகு ரெஞ்சால் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். வெறும் பிவிசி மரையில் பித்தளை டெப்பை முறுக்கினால் சொக்கெட் பிளந்துவிடும். அந்த வெடிப்பும் பனி வெடிப்பு மாதிரியே தெரியும். உள்ளே பித்தளை மரை வைத்த சொக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த டிசம்பருக்கு முன் பாத்திக்குப் போகும் வழியில் ஒரு வால்வும், அதற்குக் கீழே வடிக்கும் டெப்பும் போட்டுவிடுங்கள். இரவில் பனி படியும் போலத் தெரியும் மாலையில் வால்வை மூடி வடித்துவிட்டு, கால் சுற்று டெப்பைப் பாதி திறந்த நிலையில் விட வேண்டும்.