கட்டு யாருடையது?

சட்டக் கல்லூரியில் வேலை என்றதும் அடுத்து என்ன சப்ஜெக்ட் என்று கேட்பார்கள். 'வக்கீல் தொழில் நெறி' என்பேன். உடனே ஒரு சிரிப்பு. வக்கீலுக்கு நெறி, அதற்கு ஒரு பேப்பர், அதற்கு ஒரு வாத்தியாரம்மா! பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவே சிரித்து ஓய்ந்துவிட்டது. வரும் மே மாதம் ரிட்டயர் ஆகிறேன் என்பதால் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

மாணவர்களுக்கு இது மார்க் அள்ளுகிற பேப்பர், அவ்வளவுதான். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் இதைக் கட்டாயப் பாடமாக வைத்திருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டின் முக்கியத் தீர்ப்புகள் 10, ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களின் முடிவுகள் 50 படிக்க வேண்டும். அந்த முடிவுகளில் பெரிய தத்துவம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். வாங்கிய பணத்துக்குக் கணக்கு இல்லை, போடாத வழக்கைப் போட்டதாகச் சொன்னார், பத்திரத்தைத் திருப்பித் தரவில்லை என்று இந்த ரகம்தான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு இந்தப் பாடம் பிடித்ததே அதனால்தான்.

அப்பா லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கட்சிக்காரர் கொண்டுவரும் காகிதம் ஒவ்வொன்றையும் வழக்குக் கட்டின் அட்டைக்கு உட்புறம் பென்சிலில் எழுதுவார்: 'அசல் கிரயம் 1, வரி ரசீது 3, புரோநோட்டு 1.' பக்கத்தில் தேதி. அதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவர்களிடம் கொடுப்பார். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் நாடாவைக் கட்டுவார். சீனியர் சொல்லி அவர் செய்ததில்லை. "பொருள் அவங்களுது, நாம வெச்சிருக்கோம்" என்பார்.

வகுப்பில் நான் முதலில் எடுக்கும் தீர்ப்பு நம்ம ஊருடையது, 1978-இல் வந்தது. காது கேளாத ஒரு முதியவரும் அவர் மனைவியும் புரோநோட்டுகளைக் கொடுத்து வழக்குப் போடச் சொல்கிறார்கள். வக்கீல் வழக்கே போடாமல் பொய்யாக வழக்கு எண்ணைச் சொல்லி நாளைக் கடத்துகிறார். மாநில பார் கவுன்சில் அவரை 6 வருடம் தொழிலிலிருந்து நிறுத்தியது. இந்திய பார் கவுன்சில் அதை 1 வருடமாகக் குறைத்தது. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர், ஏமாந்தவருக்குப் பணம் கொடு, இலவச சட்ட உதவியில் வேலை செய் என்று தண்டனையையே வேறு வழிக்குத் திருப்பினார். மாணவர்களில் பாதிப் பேர் கைதட்டுவார்கள். நான் தட்டமாட்டேன். அந்த வழக்கில் தண்டனையை அப்படி மாற்ற ஒப்பாமல் மாறுபட்டு எழுதிய நீதிபதி ஏ.பி. சென் பக்கம்தான் நான்.

இரண்டாவது, ஆர்.டி. சக்சேனா வழக்கு, 2000. ஃபீஸ் பாக்கி என்று ஒரு வங்கியின் கோப்புகளைத் தராமல் வைத்துக்கொண்ட வக்கீல். வழக்குக் கட்டு அடகுப் பொருள் இல்லை, பாக்கி இருந்தால் தனியாக வழக்குப் போட்டு வசூல் செய்துகொள் என்றது சுப்ரீம் கோர்ட். தண்டனை என்னவோ வெறும் கண்டனம்தான். "அப்போ ஃபீஸை எப்படி மேடம் வாங்கறது?" என்று வருடாவருடம் ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்வி. வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே ஃபீஸ் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள் என்பேன். அது கூச்சம் என்பார்கள். அந்தக் கூச்சம்தான் பின்னால் கட்டைப் பிடித்து வைக்கிறது.

எனக்கே பிடி கிடைக்காதது பர்சன்டேஜ். விபத்து வழக்கில் வரும் நஷ்ட ஈட்டில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசக்கூடாது. பார் கவுன்சில் விதி 20 தடுக்கிறது. ஆனால் கால் உடைந்து கிடக்கும் மீன்பாடி வண்டிக்காரர் முன்பணத்துக்கு எங்கே போவார்? ஸ்மால் காசஸ் கோர்ட்டில் விபத்து வழக்கு நடத்தும் பழைய மாணவன் ஒருவன், "விதியை மாத்தச் சொல்லுங்க மேடம், அப்புறம் என்னைத் திட்டலாம்" என்கிறான். அமெரிக்காவில் இது அனுமதிக்கப்பட்டதுதான். இங்கேயும் உச்சவரம்பு வைத்து அனுமதிக்கலாம் என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. மருத்துவமனை வாசலிலேயே வக்காலத்து நீட்டும் ஆட்களை மட்டும் என்ன வந்தாலும் ஏற்க முடியாது.

ஜூனியர்களுக்குச் சென்னையில் மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-இல் ஹைகோர்ட் சொன்னதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன். கிடைக்கிறதா என்று பழைய மாணவர்களைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

முழு நேர ஆசிரியர் வக்கீலாகத் தொழில் செய்யக்கூடாது என்பதால் என் சன்னதை, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தை, நிறுத்திவைத்திருக்கிறேன். தெருவுக்கு அது புரியாது. காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா போன மாதம் வந்தார். "இன்னாம்மா இது, கேஸ் வேணாம்னு சொன்னாலும் பத்திரத்த குடுக்கமாட்றாரு." யார் அந்த வக்கீல் என்று நான் கேட்கவில்லை. சக்சேனா தீர்ப்பைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், அக்கா கையெழுத்துப் போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினார். பத்து நாளில் கட்டு வந்தது. அசல் கிரயப் பத்திரம் மட்டும் அதில் இல்லை. கொடுத்ததற்குச் சீட்டு இருக்கிறதா என்றேன். இல்லை. இப்போதைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு மனு போட்டிருக்கிறோம். அசல் வராவிட்டால் பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதுவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.