டெட் டப்பிள் ஜீரோன்னு நம்பி ஒரு வாரம் போச்சு

டிஸ்க் 92 சதவீதம்னு அலர்ட் வந்தப்ப அரை மணி நேர வேலைன்னுதான் நினைச்சேன். முழுசா ஒரு வாரம் தின்னுருச்சு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வெச்சு மாரடிக்கறவங்களுக்காக எழுதறேன்.

முதல் தப்பு என்னோடதுதான். பெருசா இருக்கற டேபிளுக்கு பிஜி_ரிலேஷன்_சைஸ் போட்டேன், 22 ஜிபின்னு வந்துச்சு, 100 ஜிபி டிஸ்க்ல இதெல்லாம் ஒரு விஷயமான்னு விட்டுட்டேன். அது டேபிளோட மெயின் ஃபைலை மட்டும்தான் எண்ணும், இண்டெக்ஸும் (தேடலை வேகமாக்கற தனி ஃபைல்) வராது, டோஸ்டும் (பெரிய மதிப்புகளைத் தனியா போட்டு வெக்கற இடம்) வராது. பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் போட்டா 62! இண்டெக்ஸ் மட்டுமே 31, டேபிளையே முழுங்கற அளவுக்கு.

சரி, இதுல வேஸ்ட் எவ்ளோன்னு டேட்டாபேஸைப் பாத்துக்கற டிபிஏகிட்ட போய் நின்னேன். அவர் பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸைத் திறந்து டெட் டப்பிள், அதாவது செத்த ரோ (அப்டேட், டெலீட்டுக்கு அப்புறம் மிஞ்சற பழைய காப்பி) எத்தனைன்னு சொல்ற என்_டெட்_டப்பைக் காட்டி, "செத்த ரோவே இல்லையே, ஆட்டோவேக்யூம் ஒழுங்காத்தான் ஓடுது, புது டிஸ்க் கேட்ருவோம்"னு அங்கேயே டிக்கெட் போட்டுட்டார். நானும் தலையாட்டிட்டு வந்தேன் பாருங்க, அதான் எரிச்சல். வேக்யூம் செத்த ரோவை எடுத்துட்டு அந்த இடம் காலின்னு குறிச்சு வெக்கும், அவ்ளோதான். ஃபைல் கடைசில இருக்கற பக்கங்கள் முழுக்க காலியா இருந்தா மட்டும்தான் ஓஎஸ்க்குத் திருப்பிக் குடுக்கும். அதனால டெட் ஜீரோவா இருந்தாலும் உள்ள ஓட்டையா இருக்கலாம்.

உள்ள என்னன்னு நிஜமா அளக்க பிஜிஸ்டாட்டப்பிள் எக்ஸ்டென்ஷன் வேணும், அதைப் போட சூப்பர்யூசர் வேணும், அந்த அனுமதிக்கு "எதுக்கு, யாருக்கு, எவ்ளோ நாளைக்கு"ன்னு ரெண்டு நாள் இழுத்தாங்க. கிடைச்ச சந்தோஷத்துல பட்டப்பகல்ல ஓட்டிட்டேன். அது டேபிளை முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கும்! லாக் பிரச்சினை இல்ல, ஆனா ஐஓ (டிஸ்க்கைப் படிக்கற சுமை) எகிறி ஆப் திணறி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பகல்ல பார்த்தே ஆகணும்னா பிஜிஸ்டாட்டப்பிள்_அப்ராக்ஸ் போடுங்க, எல்லா ரோவும் உயிரோட இருக்குன்னு விசிபிலிட்டி மேப் (பக்கவாரியா போஸ்ட்கிரெஸ் வெச்சிருக்கற குறிப்பு) சொல்ற பக்கங்களை அது படிக்காது.

வந்த நம்பர்: டெட் 0.3 சதவீதம், ஃப்ரீ 71 சதவீதம். பெரிய இண்டெக்ஸுக்கு பிஜிஸ்டாட்இண்டெக்ஸ் போட்டா சராசரி லீஃப் டென்சிட்டி (இண்டெக்ஸ் பக்கம் எத்தனை சதவீதம் நிறைஞ்சிருக்குன்னு) 27, புதுசா கட்டின பீ-ட்ரீ இண்டெக்ஸ்ல 90 கிட்ட இருக்கணும். தோண்டினா, யாரோ ஒரு செஷன்ல பிகின் போட்டு, ஏதோ வேலையும் ஆரம்பிச்சுட்டு, முடிக்காம ரெண்டு நாள் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்'லயே விட்டிருக்காங்க. அந்த நேரத்துல ஒரு ஜாப் அப்டேட் மேல அப்டேட்டா அடிச்சுருக்கு, அந்த செஷனுக்குப் பழைய ரோ தேவைப்படலாம்னு வேக்யூமால ஒண்ணையும் எடுக்க முடியல, ஃபைல் ஊதிருச்சு. செஷன் மூடினதும் எல்லாம் கிளீன் ஆச்சு, ஊதினது மட்டும் அப்படியே நின்னுருச்சு.

வேக்யூம் ஃபுல் போட்டா டேபிள் முழுசா லாக் ஆகும், புது காப்பிக்கு இடமும் வேணும், ஆக வாய்ப்பே இல்ல. ரீஇண்டெக்ஸ் கன்கரண்ட்லி (12-வது வெர்ஷன்லருந்து இருக்கு) அடிச்சேன், அதுவும் பேராசையில 14 ஜிபி இண்டெக்ஸையே முதல்ல. புதுசு கட்டி முடியற வரைக்கும் பழசும் இருக்கும், நடுவுல சார்ட் பண்ற டெம்ப் ஃபைல் வேற, மிச்சம் இருந்த 8 ஜிபியும் தீர்ந்துபோய் டமால். சிசிநியூன்னு முடியற பேர்ல பாதி கட்டின இண்டெக்ஸ் ஒண்ணு இன்வேலிடா உக்காந்து இன்னும் இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. ஃபெயில் ஆனா பிஜி_இண்டெக்ஸ்ல இண்டிஸ்வேலிட் ஃபால்ஸா இருக்கறதைத் தேடி ட்ராப் பண்ணிருங்க, தானா போகாது.

அப்புறம் சின்னதுலருந்து ஆரம்பிச்சேன், 3, 5, 9, கடைசியா அந்த 14. ஒவ்வொண்ணும் அடுத்ததுக்கு இடம் விட்டுச்சு. 14 ஜிபி 4 ஆகிருச்சு, மொத்தம் 31 இருந்தது 11! ஐடிஎக்ஸ்_ஸ்கேன் (எத்தனை தடவை யூஸ் ஆச்சுங்கற கணக்கு) ஜீரோன்னு ஒரு இண்டெக்ஸைத் தூக்கவும் போனேன், நல்லவேளை ரெப்ளிகால (மெயின் சர்வரான பிரைமரியோட நகல்) பார்த்தேன், அங்க ரிப்போர்ட் எல்லாம் அதுலதான் ஓடுது. ரெப்ளிகா கணக்கு பிரைமரில தெரியாது.

டேபிள்ல இருக்கற ஃப்ரீ இடத்தைத் தொடல, புது ரோ வந்து அதுலயே உக்காரட்டும். 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்'ல நிக்கற செஷனுக்கு மட்டும் டைம்அவுட் வெச்சாச்சு.

டிஸ்க் இப்ப 72-ல நிக்குது. புது டிஸ்க் கேட்ட அந்த டிக்கெட் இன்னும் ஓப்பன்லதான் இருக்கு, நான் க்ளோஸ் பண்ண மாட்டேன், அவரே பண்ணட்டும்.