பீரோவில் கிடந்த பயணப்படி பில்கள்

2021 ஜூலையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பில் செக்‌ஷனுக்கு என்னை மேற்பார்வையாளராக மாற்றினார்கள். தினமும் கடலூரிலிருந்து முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவன் நான். முதல் நாள் பீரோவைத் திறந்தால் மேல்தட்டு முழுக்கப் பயணப்படி பில்கள். பெரும்பாலும் 2020 பிப்ரவரி, மார்ச்சில் வந்தவை. ஊரடங்கோடு அப்படியே நின்றுவிட்டன.

சாமான் சப்ளை செய்த கடைக்காரர் என்றால் போன் மேல் போன் போட்டுப் பணத்தை வாங்கிவிடுவார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எடுக்க வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கேட்க மாட்டார், கூச்சம். ஆனால் அதுவும் அவர் வீட்டுக் காசுதானே?

பெரிய சிக்கல் தேதியில் வந்தது. பயணம் முடிந்து 60 நாளுக்குள் பில் கொடுத்துவிட வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகம் 2018 மார்ச்சில் ஆணை போட்டது. அதற்கு முன் ஒரு வருடம் அவகாசம் இருந்தது. நாங்களும் 60 நாளைத்தான் பின்பற்றுகிறோம். அந்தப் பில் கட்டில் ஒன்பது பில்களில் வரவு முத்திரையே இல்லை. எந்தத் தேதியில் வந்தது என்று காட்ட முடியாவிட்டால் தணிக்கையில் ஆட்சேபணை நிச்சயம். "காலாவதி என்று எழுதித் திருப்பிடலாம் சார்" என்றார் உதவியாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. முத்திரை குத்தாதது நம் தப்பு.

ஒவ்வொரு துறையாகப் போய்ப் பழைய தபால் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். பில்லைக் கொண்டுவந்து கொடுக்கும்போது அந்தப் புத்தகத்தில் நம் ஆள் தேதியோடு கையெழுத்துப் போட்டிருப்பார். எட்டுக்குக் கிடைத்தது. பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் சேர்த்து, தாமதம் அலுவலகத்தால்தான் என்று நோட்டு போட்டேன். அனுமதி வந்துவிட்டது.

மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மாவின் பில்லை மறக்க முடியாது. பஸ் டிக்கெட்டை வெள்ளைத்தாளில் கோந்து தடவி அழகாக ஒட்டியிருந்தார். வெறும் வெள்ளைச் சீட்டுதான் மிச்சம், ஒரு எழுத்து இல்லை. ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தும் தெரியவில்லை. கண்டக்டர் மெஷினில் வரும் டிக்கெட் அப்படித்தான், சூட்டிலும் கோந்திலும் மங்கிவிடும். அதே மாதம் அதே வழியில் வந்த இன்னொருவரின் டிக்கெட் தெளிவாக இருந்ததால் கட்டணத்தை ஒப்பிட்டு, அந்த அம்மாவிடம் உறுதிமொழி வாங்கிப் பாஸ் செய்தோம். இப்போது டிக்கெட் கைக்கு வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துப் பின் குத்தச் சொல்கிறேன்.

அதற்கப்புறமும் நாலு பேருக்குப் பணம் போகாமல் திரும்பி வந்தது. சிண்டிகேட் வங்கி கனராவோடு இணைந்து, பழைய ஐஎஃப்எஸ்சி எண் ஜூன் 30-ஓடு முடிந்திருந்தது. 2020-இல் எழுதிய படிவத்தில் பழைய எண்தானே இருக்கும்? ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து புது எண் வாங்கினேன்.

பில்லில் குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித்தான் திருப்ப வேண்டும் என்று செக்‌ஷனில் சொல்லிவிட்டேன். இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று மனிதரை அலைய விடுவது எனக்குப் பிடிக்காது.

தேதி கிடைக்காத அந்த ஒன்பதாவது பில்? வைவா அறிக்கையோடு சேர்த்தே அதை அனுப்பியிருந்தார்கள். தேர்வுப் பிரிவில் அறிக்கைக்கு முத்திரை இருந்தது: 2020 மார்ச் 12. அதை வைத்துத் தீபாவளிக்கு முன் பணம் போட்டோம்.