லிப்பிட் இயல்பு வரம்பு: ஆய்வகக் குறிப்பேடு

ஜூன் 10
ஆரோக்கியமானவர்களின் ரத்தக் கொழுப்பு (லிப்பிட்) எந்த எல்லைக்குள் இருக்கும் என்பதை நம் ஆய்வகமே கண்டறியும் வேலை இது. அதற்கு யாரைச் சேர்ப்பது, யாரைக் கழிப்பது என்ற படிவம் முடிந்தது. சர்க்கரை நோய், தைராய்டு, சிறுநீரக, ஈரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஸ்டாடின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து), ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் வேண்டாம். "கொலஸ்ட்ரால் மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "மாத்திரை அட்டையைக் காட்டுங்க" என்றால் அதில் அடோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் இருக்கும். காய்ச்சல் வந்தவர்களைச் சில வாரம் தள்ளிப்போட வேண்டும், தொற்றில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்), எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) இரண்டும் இறங்கும், ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) ஏறும்.

எச்.டி.எல். குறைவு என்பதற்காக மட்டும் யாரையும் கழிக்கக் கூடாது. அளக்கப்போவதை வைத்தே ஆளை வடிகட்டினால், கடைசியில் கிடைப்பது நாமே போட்ட வேலிதான்.

ஜூன் 12
ஆய்வகத் தரநிலை அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.யின் வழிகாட்டிப்படி ஒரு பிரிவுக்குக் குறைந்தது 120 பேர். பெண்களுக்கு எச்.டி.எல். கூடுதலாக இருக்கும் என்பதால் ஆண், பெண் தனித்தனி, ஆக 240. மாதவிடாய் நின்றபின் எல்.டி.எல். ஏறுவதால் அதையும் பிரிக்க நினைத்தால் இன்னொரு 120 தேட வேண்டும்.

ஜூன் 17
ரத்தம் எடுப்பு. 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். "காபிதானே குடிச்சேன்" என்பவரை இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியதுதான். எல்.டி.எல்.லை ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தில் (மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது) கணக்கிடுகிறோம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 150 (எல்லாம் மி.கி./டெ.லி.) என்றால் எல்.டி.எல். 190 − 38 − 30 = 122. சாப்பிட்டுவிட்டு வந்து ட்ரைகிளிசரைடு மட்டும் 220 ஆனால் அதே ஆளுக்கு 108. ட்ரைகிளிசரைடு 400 தாண்டினால் சூத்திரமே செல்லாது. நேரடி முறையில் அளக்க வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரைக் கால் மணி நேரம் உட்கார வைக்கவும். நின்றிருந்தவரைவிடப் படுத்திருந்தவருக்குக் கொலஸ்ட்ரால் 10 சதவீதம் வரை குறைந்து வரலாம். கைப்பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருந்தால் அளவு ஏறும். எல்லாருக்கும் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) குழாயே. இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) சேர்த்த பிளாஸ்மா சுமார் 3 சதவீதம் குறைத்துக் காட்டும். இரண்டையும் கலந்தால் வரம்பு கெட்டது.

ஜூன் 20
கன்ட்ரோல் (அளவு தெரிந்த சோதனை மாதிரி) சரி. கொலஸ்ட்ராலுக்குச் சாய்வும் (உண்மை அளவிலிருந்து ஒரே பக்கமாக விலகுவது) சி.வி.யும் (திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் சிதறல்) 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 200-ல் 3 சதவீதச் சாய்வு என்றால் 6 மி.கி.; வரம்பு மொத்தமும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். எத்தனை பேரைச் சேர்த்தாலும் அது தீராது.

ஜூன் 27
கணக்கு. மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கி, 120-ல் 3-ஆவதும் 118-ஆவதும் நடு 95 சதவீதத்தின் எல்லைகள். கீழ் எல்லையின் 90 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான எல்லை இருக்கக்கூடிய வீச்சு) 1-ஆவதிலிருந்து 7-ஆவது மதிப்பு வரை. ஏழே பேரை நம்பி நிற்கிற எண் என்பதால் தசமத்துக்குச் சண்டை போடத் தேவையில்லை.

ட்ரைகிளிசரைடு வலப்பக்கம் நீண்ட வால் கொண்டது. லாக் (மடக்கை) எடுத்து வாலைச் சுருக்கியபின், ஒதுங்கி நிற்கும் மதிப்பைக் கண்டறிய டிக்சன் சோதனை: கடைசி மதிப்புக்கும் அதற்கு முந்தையதற்கும் உள்ள இடைவெளி முழு வீச்சில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் சந்தேகம். நீக்கும் முன் சாம்பிள் குறிப்பைப் பார்க்கவும். பல நேரம் விடை "இரவு விருந்து" என்ற ஒரு வரியில் இருக்கும்.

ஜூலை 1
ரிப்போர்ட்டில் எதை அச்சிடுவது? தமிழ்நாடும் அடங்கிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வில் (2014) எச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3 சதவீதம், ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று கணக்கு. இப்படிப்பட்ட மக்களின் நடு 95 சதவீதத்தை "நார்மல்" என்று அச்சிட்டால், மாரடைப்பு ஆபத்தில் இருப்பவருக்கும் நற்சான்று போய்ச் சேரும். ஆகவே ரிப்போர்ட்டில் சிகிச்சை முடிவுக்கான எல்லைகள்: எச்.டி.எல். 40/50, ட்ரைகிளிசரைடு 150, மொத்தக் கொலஸ்ட்ரால் 200. நம் வரம்பு தனி அட்டவணையாக மருத்துவர்களுக்குப் போகும். தலைப்பில் "நார்மல்" என்ற சொல் வேண்டாம்.

இதை எடுத்துக்கொள்ள விரும்பும் ஆய்வகம் தன் ஆட்கள் 20 பேரிடம் சரிபார்க்கட்டும். இருவர் வரை வரம்புக்கு வெளியே விழுந்தால் ஏற்கலாம். மூவர் என்றால் புதிதாக 20 பேர்.