ப்ளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள்

காலையில் எவ்வளவு உதைத்தும் அப்பாவின் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் கிளம்பவே இல்லை.

எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் முனை காய்ந்து கிடக்கிறது. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பெரும்பாலும் ஸ்பார்க்கில்தான் கோளாறு. காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. இதைக்கூடப் பார்க்காமல் நிறையப் பேர் நேராக, ப்ளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றிவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

அதனால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தேன். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் பழுப்பேறிப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால், அந்தத் தலைமுடி அளவு துளையில் ஒளியே தெரியவில்லை. கிளீனர் அடித்துக் காற்றால் ஊதினேன், அடைப்பு விட்டது. ஊசியால் மட்டும் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

1996-லேயே தயாரிப்பு நின்ற வண்டி, இன்னும் வீட்டிலேயே பிரித்துப் பார்க்க முடிகிறது! அப்புறம், நாள்கணக்கில் நிறுத்துவதென்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.