ஊசி ஏறுவதற்கு முன்

கைத்தையலில் கோடு வளைந்தால் பழி நூலின்மேல் விழும், இல்லையென்றால் ஊசியின்மேல். பழகுநர்கள் தைத்த பணப்பைகளைப் புரட்டிப் பார்த்தால் வேறு கணக்கு தெரிகிறது. இழுத்த இழுப்பில் வந்த குறை கொஞ்சம்தான். தோலைத் தேர்ந்தது, வெட்டியது, ஒட்டியது, துளைத்தது என்று ஊசி ஏறுவதற்கு முன்பே முடிந்துபோன வேலைகளில் வந்த குறைதான் மிச்சமெல்லாம். அதனால் பொழுதுபோக்காகத் தோல்வேலை கற்க வருகிறவர்களிடம் தையலைக் கடைசியில்தான் பேசவேண்டியிருக்கிறது.

பலரும் காணொளி பார்த்துத் தொடங்குகிறார்கள். அதில் மேசைமேல் கிடப்பது அநேகமாகத் தாவரப் பதனத் தோல், அதாவது மரப்பட்டை, காய்ச் சாற்றில் பதனிட்டது. நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பதோ குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் பதனத் தோல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் காலணிக்கும் பைக்கும் பதனிடுகிற சரக்கு. சென்னைப் பெரியமேட்டில் சதுர அடிக் கணக்கில் வாங்கலாம். குரோம் தோல் மட்டம் என்று சொல்வது தவறு. மெத்தென்று மடியும், நனைந்தாலும் தாங்கும். ஆனால் அதன் விளிம்பை ஈரம் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு வராது, முத்திரை குத்தினால் பதிவு நிற்காது. காணொளியில் வந்தது தன் கையில் வரவில்லையே என்று நொந்துகொள்கிறவர்களில் பாதிப்பேர் தோலையே மாற்றி வாங்கியவர்கள்.

கண்டுபிடிக்க வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் ஓடினால் குரோம். சாயம் உள்வரை ஊறி மறைத்திருந்தால் மேற்பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடலாம். தாவரப் பதனத் தோல் சட்டென்று உறிஞ்சிக் கருக்கும். கொளுத்திப் பார்த்துச் சாம்பல் பச்சையாக இருக்கிறதா என்று சோதிக்கிற பழக்கமும் உண்டு. குரோம் தோலின் புகை நல்லதல்ல. வீட்டுக்குள் அது வேண்டாம்.

தாவரப் பதனத்துக்கு வெளிநாட்டுக்குத்தான் எழுதிப் போடவேண்டும் என்றில்லை. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடிக்கிற வேலை திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் தலைமுறைகளாக நடந்தது. கிழக்கிந்தியத் தோல், சுருக்கமாக ஈ.ஐ. தோல் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்ற சரக்கு அது. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டைச் சாறு பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. இதை அரைப்பதனமாக, அதாவது இறுதி மெருகு வேலை செய்யாமல், விற்பார்கள்; எண்ணெய்ப்பதம் குறைவாக இருக்கும். வாங்கியதும் மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கிற நீட்ஸ்ஃபுட் எண்ணெயை உட்புறம் மெல்லத் தடவி ஒரு நாள் விட்டுவைத்தால் மடிக்கும்போது மேல்தோல் வெடிக்காது. அள்ளி ஊற்றினால் தோல் தொளதொளத்துப் போகும்; அதன்பின் கூரான விளிம்பு கிடைக்காது.

இந்தத் தோலுக்கு இரும்பு ஆகாது. பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டேனினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இந்த வேதியியலில்தான். கத்தி தீட்டிய கையோடு, வியர்வை விரலால் வெளிர்தோலைத் தொட்டால் நீலக்கறுப்பாகக் கைரேகை விழும். எலுமிச்சைச் சாற்றை நீர்க்கவிட்டுத் தடவினால் ஓரளவு வெளுக்கும், முழுக்கப் போகாது. நனைத்த தோல்மேல் இரும்பு ஸ்கேலை வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பரவாயில்லை.

இனி பணப்பையின் அளவு. வங்கிக் கார்டு 85.6க்கு 54 மி.மீ. தையல்கோடு விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே ஓடும், கார்டு நழுவ இருபுறமும் சேர்த்து 4 மி.மீ. இடம் வேண்டும். ஆக அறையின் அகலம் 96 மி.மீ. ஒட்டியபின் சீவி எடுக்க இன்னும் 2 சேர்த்து 98 ஆக வெட்டுவது நல்லது. நோட்டு அறைக்கு இணையத்தில் கிடைக்கிற மாதிரித்தாளை அப்படியே எடுக்கக்கூடாது. நம் 500 ரூபாய் நோட்டு 150க்கு 66 மி.மீ.; அமெரிக்க டாலர் 156க்கு 66. அமெரிக்க மாதிரி நமக்கு ஒத்துவரும். ஐரோப்பிய மாதிரி ஒத்துவராது. 50 யூரோ நோட்டின் உயரம் 77 மி.மீ. என்பதால் பை வீணாக உயர்ந்து நிற்கும்.

தடிமனில்தான் நிறையப்பேர் சறுக்குகிறார்கள். வெளித்தோல் 1.2 முதல் 1.5 மி.மீ., உள் அறைகள் 0.8 முதல் 1 மி.மீ. போதும். இடைவாருக்கு 3.5 மி.மீ. வேண்டும், அதுவும் முதுகுப்பகுதியிலிருந்து, முதுகெலும்புக்கு இணையாக வெட்டியது. வயிற்றுப்பகுதித் தோல் இழுத்தால் நீளும். அதில் வெட்டிய வார் சீக்கிரமே வளைந்து தொங்கும். மூன்று கார்டு அறைகளை அடுக்கும்போது கீழ்முனைகளை ஒரே இடத்தில் முடித்தால் விளிம்பு செங்கல்போலத் தடித்துவிடும். மேல் இரண்டு அறைகளையும் ஆங்கில T எழுத்து வடிவில் வெட்டி, கீழ்முனைகளைப் படிப்படியாக விட்டு, அந்த முனைகளைச் சீவி 0.5 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் பக்கவிளிம்பில் ஒரு அறையின் தடிமன்தான் சேரும். மடிப்புப் பையில் வெளித்தோல் உள்தோலைவிட நீளமாக இருக்கவேண்டும். எவ்வளவு என்றால், இரண்டு தோல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை 3.14ஆல் பெருக்கினால் வரும். 1.2ம் 1ம் ஒன்றையொன்று தொட்டு மடிந்தால் மூன்றரை மி.மீ.; இடையில் நோட்டுக்கட்டும் இருக்கப்போவதால் 6 வைப்பது வழக்கம். இரண்டையும் சமமாக வெட்டியவர்களின் பை மூடாமல் வாயைப் பிளந்துகொண்டே இருக்கும்.

வெட்டும்போது ஒரே அழுத்தில் முடிக்கப் பார்க்கவேண்டாம். புது பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், லேசாக இரண்டு மூன்று ஓட்டம். கத்தி சாய்ந்தால் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் வேறுவேறு கோட்டில் நிற்கும். இது தையலை எப்படிக் கெடுக்கும் என்றால், தையல்கோட்டைக் கவராயத்தின் ஒரு காலை விளிம்பில் ஓட்டித்தான் இழுக்கிறோம். விளிம்பு நெளிந்தால் கோடும் அச்சாக நெளியும். அதனால் முறை இது: முதலில் ஒட்டு, பிறகு சீவிச் சமன்செய், அதற்குப் பிறகுதான் கோடு. கோட்டை முதலில் இழுத்துவிட்டு ஒட்டியபின் விளிம்பைத் தேய்த்தால் ஒரு முனையில் 3 மி.மீ., மறுமுனையில் 2 என்று நிற்கும். அதைப் பார்த்து ஊசியைத் திட்டுவார்கள்.

ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் சொலூஷன் என்று சொல்லும் மஞ்சள் ரப்பர் பசையே போதும். இரு பக்கமும் மெல்லிய பூச்சு, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருப்பு, பிறகு ஒரே அழுத்து. நம் வெயிலில் பத்து நிமிடத்தில் பதம் வரும், மழைநாளில் கூடுதலாகும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் துளைக்கும்போது அடுக்குகள் வழுக்கி, முன்துளையும் பின்துளையும் விலகும். மேல்தோலின் வழவழப்பான பக்கத்தில் ஒட்டவேண்டியிருந்தால் 5 மி.மீ. பட்டையை மணல்தாளால் சொரசொரப்பாக்கவேண்டும். குரோம் தோலின் மேற்பூச்சைச் சுரண்டாமல் ஒட்டிய பசை உரிந்து வந்துவிடும்.

துளை போடுவதில்தான் அதிக நேரம் செலவிடவேண்டும், அவசரப்படுவதும் அங்கேதான். ஒரே அடியில் வரிசையாகத் துளை போடுகிற பல்உளிகளில் பல்லுக்குப் பல் 3.38, 3.85 மி.மீ. என்று விசித்திரமான இடைவெளிகள் இருப்பதற்குப் பழைய பிரெஞ்சு அங்குலம் காரணம். அது 27.07 மி.மீ.; எட்டால் வகுத்தால் 3.38 வரும். பணப்பைக்கு 3 அல்லது 3.38, வாருக்கு 4 நன்றாக இருக்கும். நூலும் இதற்கு ஏற்றதாக வேண்டும்: 3க்கு 0.5 மி.மீ. நூல், 3.38க்கு 0.6, 4க்கு 0.8. தடித்த நூலை நெருக்கமான துளையில் விட்டால் தையல் மணிகோத்ததுபோல் முட்டிக்கொண்டு நிற்கும், சாய்வு தெரியாது.

உளி நேராக நிற்கவேண்டும். முன்பக்கம் சரியாக இருந்து பின்பக்கத் துளைகள் விளிம்பை நோக்கி ஓடினால் உளி சாய்ந்தது என்று பொருள். அடிக்கக் கொட்டாப்புளி அல்லது நைலான் சுத்தி. இரும்புச் சுத்தி உளியின் தலையைச் சிதைக்கும். அடியில் சமையல்மேடைக் கடையில் கழித்துப்போடுகிற கிரானைட் துண்டு, அதன்மேல் ரப்பர் பலகை. மேசையின் நடுவில் வைத்து அடித்தால் பலகை துள்ளி அடியின் பாதி வீணாகும். மேசைக்காலுக்கு நேர்மேலே வைத்தால் இரண்டே அடி. அடுத்த வரிசைக்கு நகரும்போது கடைசித் துளையில் முதல் பல்லை இறக்கி வைத்தால் இடைவெளி பிசகாது. வளைவுக்கு இரண்டு பல் உளி. பல்லைத் தேன்மெழுகில் குத்தியெடுத்தால் இழுக்கும்போது தோலைக் கவ்வாது. மொத்தத் தடிமன் 5 மி.மீ.க்கு மேல் போனால் உளியால் குறி மட்டும் போட்டு, தைக்கத் தைக்கக் குத்தூசியால் துளைப்பதே மேல்.

இவ்வளவும் சரியாக இருந்தால் தையலில் பேச அதிகமில்லை. ஒரே நூல், இரு முனையிலும் முனைமழுங்கிய ஊசி. நீளக்கணக்கு: ஒரு தையலுக்கு இடைவெளியின் இருமடங்கும் தடிமனின் இருமடங்கும் செலவாகும். 3.38 இடைவெளி, 3 மி.மீ. தடிமன் என்றால் 12.76 மி.மீ., அதாவது தையல்நீளத்தின் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. 30 செ.மீ. தைக்க 120, ஊசிகோக்கவும் பிடிக்கவும் 40, ஆக 160 செ.மீ. வாரில் இடைவெளி 4, தடிமன் 7 மி.மீ. ஆகும்போது ஐந்தரை மடங்கு. நான்கு மடங்கு என்ற பொதுவிதியை நம்பி வாரில் இறங்கியவர்களுக்குப் பாதிவழியில் நூல் தீரும்.

முதல் ஊசி எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து நுழையவேண்டும். இரண்டாம் நூல் எப்போதும் முதல் நூலுக்கு ஒரே புறமாகச் செல்லவேண்டும். நடுவில் மாறினால் அந்த ஒரு தையல் மட்டும் படுத்துக்கிடக்கும். இரண்டாம் ஊசியை விடும்போது முதல் நூலைச் சற்றுப் பின்னிழுத்துக்கொண்டால் ஊசி நூலைக் குத்திக் கிழிக்காது. முடிவில் இரண்டு துளை பின்தையல் போட்டு, பாலியெஸ்டர் நூலானால் 2 மி.மீ. விட்டு வெட்டித் தீக்காட்டி அழுத்தலாம். லினன் நூல் உருகாது. ஒட்டவெட்டி ஒரு பொட்டுப் பசை.

வீட்டுத் தையல் இயந்திரத்தில் மென்மையான ஆட்டுத்தோல் இரண்டு அடுக்கு ஓடும். தோல் ஊசி 16 அல்லது 18ஆம் எண், தையல் நீளம் மூன்றரை மி.மீ., டெஃப்ளான் பாதம், குண்டூசிக்குப் பதில் கிளிப். பின்னோக்கி ஓட்டிப் பூட்டினால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தோல் கிழியும். நூல்முனையைப் பின்பக்கம் இழுத்து முடிச்சிடுங்கள்.

விளிம்புக்குத் தாவரப் பதனத்தில் மணல்தாள் 220, 400, 600 என்று போய், லேசாக ஈரம் தொட்டுக் கேன்வாஸ் துணியால் சூடேறும்வரை தேய்த்தால் போதும். குரோமுக்கு விளிம்புப் பெயிண்ட், பூச்சுக்குப் பூச்சு நடுவில் மணல்தாளால் தேய்த்து மூன்று பூச்சு.

தைத்து முடித்த பையில் குறை தெரிந்தால் உடனே பிரிக்கவேண்டாம். முதலில் துளைகளைப் பாருங்கள். துளை நேராக இருந்து நூல் மட்டும் கோணினால் பிரித்துப் புது நூலில் அதே துளைகளில் தைக்கலாம். துளையே கோணலென்றால் பக்கத்தில் புதுவரிசை குத்தக்கூடாது, இடையில் உள்ள தோல் கிழியும். விளிம்போடு துளைவரிசை உள்ள 4 மி.மீ. பட்டையை வெட்டி எறிவதே வழி. ஒரு பக்கம் வெட்டினாலே அறையில் கார்டு நுழையாது; அந்தத் தோல் சில்லறைப்பைக்கு ஆகும்.